பிகாஸ் இல்லாத வரி

தாராவி இரவுப் பள்ளி, ஐந்தாம் அறை.
பகலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுடைய பெஞ்சு,
எனக்கு முழங்கால் இடிக்கிறது.
பை ஒட்டிய பசை விரல் நுனியில் இன்னும் காயவில்லை.
பக்கத்தைப் புரட்டினால்
அடுத்ததும் கூடவே வருகிறது.

பாடம் ஒன்பது, ஒரு புராணம்.
எந்த நாட்டுப் புராணம் என்று போடவில்லை.
மலைமேல் இருக்கிற சாமி
ஒருத்தியிடம் மூடிய பானையைக் கொடுத்து
விடியும்வரை திறக்காதே என்கிறது.
திறக்கிறாள்.
உள்ளே இருந்த நெருப்பு பறந்துபோய்
ஊருக்குக் குளிர்காலம் வருகிறது.
அவள் கல்லாகிறாள்.
படத்தில் இருக்கிற பானை
கும்பார்வாடாவில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும்.

அவள் ஏன் திறந்தாள்? இரண்டு மதிப்பெண்.
கைடில் விடை இருக்கிறது: அடக்க முடியாத ஆவல்.
எல்லாரும் எழுதிவிட்டோம்.

காம்ப்ளே மட்டும் எழுதவில்லை.
மாதுங்காவில் பதினாலு மாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேன்,
வகுப்பு முடிந்து நேரே டியூட்டி, யூனிஃபார்மிலேயே வருவார்.
இந்தியில் கேட்டார்:
திறக்கக் கூடாத பானையைச் சாமி ஏன்
தானே வைத்துக்கொள்ளவில்லை?
எங்கள் செக்ரட்டரி சாவியைத் தன் பையில்தான் போட்டுக்கொள்கிறார்,
எனக்கு ரெஜிஸ்டர் மட்டும்.

வகுப்பே சிரித்தது.
ரொவீனா மிஸ் சிரிக்கவில்லை.
என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
நான் எழுந்து நின்றால் கூச்சப்படுகிறவள்.
இன்னொரு தரம் படியுங்கள் என்றாள்,
பிகாஸ் வருகிற இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

போட்டேன்.
சாமி மலையிறங்கியது, பிகாஸ்.
சாமிக்குக் கோபம் வந்தது, பிகாஸ்.
கல்லாக்கியதற்கும் ஒரு பிகாஸ்,
அது கமாவுக்குமேல் கமா வைத்து
மூச்சு வாங்க மூன்று வரி ஓடுகிறது.
அவளுக்கு மூன்றே சொல்.
ஷீ ஓப்பன்ட் இட்.
முற்றுப்புள்ளி.

எங்கள் சந்திலும் இந்த நடைதான்.
என் வீட்டுக்காரர் வேலையை விட்டதற்கு முதலாளி காரணம்,
குடித்ததற்கு வேலை போனது காரணம்,
கை ஓங்கியதற்குக் குடி காரணம்.
சொல்லிச் சொல்லி ஒரே வாக்கியமாக இறுகிவிட்டது,
கேட்கிறவர்கள் இடையிலேயே தலையாட்டுகிறார்கள்.
என்னைப் பற்றி ஒரு வரி:
இசக்கி போயிட்டா.
எழுவாய், பயனிலை. இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

கைடு விடையை அடித்தேன்.
முதலில் தமிழில் ஓட்டிப் பார்த்தேன்:
விளக்கு அணைந்து, பிள்ளையின் கால் சில்லிட்டு,
தேய்த்தும் சூடேறாமல், தட்டுத்தடுமாறிப் பானையைத் தொட்டு,
அது வெதுவெதுவென்று இருந்து,
விடிய இன்னும் எவ்வளவோ கிடந்து...
அவள் என்று சொல்லாமலே இப்படி எவ்வளவு தூரமும் போகலாம்,
திறந்தாள் என்பதில்தான்
ஆளாக வந்து நிற்பாள்.
இங்கிலீஷ் எடுத்தவுடனே
ஷீ என்று அவளைக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

வேறு வழியில்லை, ஷீ என்றுதான் தொடங்கினேன்.
ஒரு பிகாஸ். அதற்குள் இன்னொன்று.
சில்லிட்டுப் போவதற்குச் சொல் தெரியவில்லை,
கோல்ட் போதும் என்றாள் பக்கத்தில் நூர்பானு.
போதவில்லை.
பாடத்தில் பிள்ளை எங்கேடி இருக்கிறது என்றாள்.
இல்லை என்றும் போடவில்லையே என்றேன்.

வெள்ளிக்கிழமை நோட்டு திரும்பி வந்தது.
இரண்டுக்கு ஒன்றரை.
வாக்கியம் மிக நீளம் என்று சிவப்பில்.
அதன் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில்,
பிள்ளை பிழைத்ததா?

அதற்கு மதிப்பெண் போடவில்லை.
எஸ் என்று எழுதி மேசையில் வைத்துவிட்டு
சகதி ஒதுக்கி நடந்தேன்.
மணி பத்தேகால்.
வீட்டுச் சாவி அவனிடம் இருக்கிறது.
தூங்கியிருந்தால்
எவ்வளவு தட்டினாலும் எழுந்திருக்க மாட்டான்.